கோபக்காரர் இருந்தால் தமாலே வேகாது

சான் அன்டோனியோவில் எங்கள் பகுதி நூலகக் கிளையில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கான வாசிப்புக் குழு ஒன்று நடக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். அதை நடத்த உதவுகிறவர்களில் நானும் ஒருத்தி. டெக்சஸ் மாநிலத்தின் இந்த ஊரில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோக்கள், அவர்களிலும் பெரும்பாலோர் மெக்சிகோ வழி வந்தவர்கள். எங்கள் குழுவும் அப்படித்தான். நடுவே என் மகளையும் சேர்த்து இந்தியப் பிள்ளைகள் சிலர். தெரிந்த தமிழ்ப் பெற்றோர் பலர், "அந்த மெக்சிகன் மந்திரக் கதைகளை எங்க பிள்ளைக்கும் படிச்சுக் காட்டணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சிறார் கதைகளில் மந்திரம் வேண்டுமென்றால் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எங்கோ ஒரு தீவு, ஒரு கோட்டை, ஒரு மாயப் பள்ளிக்கூடம். மெக்சிகன்-அமெரிக்கக் கதைகளிலோ பிள்ளை தன் வீட்டுக்குள்ளேயே இன்னும் ஒரு கட்டு உள்ளே போகிறது. அப்படியே வெளியே கிளம்பினாலும் போய்ச் சேருமிடம் பாட்டி வீடாக இருக்கும். மந்திரம் அங்கே வீட்டு வேலைகளில் ஒன்று. மாவு பிசைவது, மூலிகை பறிப்பது, இறந்தவருக்குப் படைப்பது என்ற வரிசையிலேயே அதுவும் நிற்கிறது. அந்த வேலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் மந்திரத்தை மட்டும் வாசித்துக் காட்டினால், பறக்கிற பிஸ்கட், பேசுகிற பேய் என்று பத்தோடு பதினொன்றாகப் போய்விடும்.

இது எனக்குப் புரிந்தது புத்தகத்தில் அல்ல, பக்கத்து வீட்டு அடுப்படியில். அந்த வீட்டு மூதாட்டியைப் பேரப்பிள்ளைகள் 'வெலா' என்று கூப்பிடுவார்கள். பாட்டிக்கான ஸ்பானிஷ் சொல் டெக்சஸ் வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. என் மகளும் வெலா என்றுதான் கூப்பிடுவாள். கிறிஸ்துமசுக்கு முன்னால் அங்கே தமாலே செய்ய மொத்தக் குடும்பமும் கூடும். தமாலாதா என்று அதற்குப் பெயர். மக்காச்சோளத் தோகையை ஊறவைத்து, அதன் வழுவழுப்பான பக்கத்தில் மாசா என்கிற சோளமாவைத் தடவி, நடுவே மிளகாய்ச் சாற்றில் வெந்த பன்றி இறைச்சியை வைத்து மடித்து, பெரிய பானையில் நிற்கவைத்து ஆவியில் அவிப்பார்கள். எங்களுக்காகப் பன்றிக் கொழுப்பு சேர்க்காத மாவும், பயறும் பாலாடைக்கட்டியும் வைத்த தமாலேயும் தனியாக இருக்கும்.

பிள்ளைகளை நான் பார்க்கச் சொல்வது சின்னச் சின்ன விஷயங்களை. மாவு பதமாக அடிபட்டதா என்று பார்க்க ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போடுவார் வெலா. மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். பானையின் அடியில், தண்ணீருக்குள், ஒரு நாணயம் கிடக்கும். கொதிக்கும்போது கடகடவென்று அது சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று கணக்கு. இதுவரைக்கும் அறிவியல். அடுத்து வருவதற்கு நான் என்ன பெயர் வைக்க? மருமகள்கள் இருவருக்குள் உப்பைப் பற்றிப் பேச்சு முற்றியதும் வெலா இரண்டு பேரையும் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினார். அடுப்படியில் கோபக்காரர் இருந்தால் தமாலே வேகாதாம். அனுப்பியதோடு விடாமல் ஒரு தோகைக் கீற்றைக் கிழித்துப் பானையின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"இதையெல்லாம் நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

"நம்புறேனோ இல்லையோ, ராத்திரிக்கு வீடு நிறைய ஆளுங்க வர்றாங்க. வேகாம போனா நீ பதில் சொல்லுவியா?" என்றார்.

மிதக்கிற மாவையும், அடியில் தட்டுகிற நாணயத்தையும், கோபத்தைக் கேட்டுக்கொள்கிற பானையையும் ஒரே கை, ஒரே முகத்தோடு செய்கிறது. இந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் இந்தக் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். கடைசிப் படியிலிருந்து இன்னும் ஒரே ஒரு படி ஏறினால் அவர்கள் எழுதும் மந்திரம் வந்துவிடும்.

அதனால் மந்திரமே இல்லாத ஒரு புத்தகத்தில் ஆரம்பியுங்கள் என்பது என் முதல் யோசனை. கேரி சோட்டோ எழுதி 1993-ல் வந்த 'டூ மெனி தமாலேஸ்' படக்கதை அதற்குத் தோதானது. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மாவு பிசையும்போது மரியா என்ற சிறுமி ஆசைக்கு அம்மாவின் வைர மோதிரத்தைப் போட்டுக்கொள்கிறாள். பிறகுதான் ஞாபகம் வருகிறது. மோதிரம் ஏதோ ஒரு தமாலேக்குள் போயிருக்க வேண்டும்! உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அத்தனையையும் தின்று தீர்க்கிறார்கள். மோதிரம் எங்கே இருந்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பெரிய பிள்ளைகள் படக்கதை என்றால் முகம் சுளிப்பார்கள். வீட்டில் தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டால் சுளிப்பு போய்விடும்.

அடுத்ததாக எங்கள் குழுவில் அதிக நாள் ஓடியது ஆனா மெரியானோவின் 'லவ் சுகர் மேஜிக்' வரிசையின் முதல் புத்தகம். 2018-ல் வந்தது. ஆசிரியர் ஹூஸ்டன்காரர். டெக்சஸில் ரோஸ் ஹில் என்ற கற்பனை ஊர், அங்கே லோக்ரோன்யோ குடும்பத்தின் ரொட்டிக் கடை. ஐந்து பெண்பிள்ளைகளில் கடைக்குட்டி லியோ. இறந்தவர்களுக்குப் படைக்கும் 'இறந்தோர் நாள்' திருவிழாவுக்காகக் கடையே அல்லோலகல்லோலப்படும்போது அவளை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏன் என்று துப்பறியப் போனவளுக்கு, வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மாவில் மந்திரம் கலந்து சுடுகிறவர்கள் என்று தெரியவருகிறது. அவளுக்கு இன்னும் வயதாகவில்லை என்பதால் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்வேன். இந்த மந்திரத்தைச் செய்ய யாருக்கு அனுமதி? யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்? பிசகினால் யார் அதைச் சரிசெய்வது? கேள்வி சாதாரணமாகத்தான் இருக்கும், பதில்கள் கிடுகிடுவென்று வரும். லியோ திருட்டுத்தனமாகச் செய்த மந்திரத்தில் வகுப்புப் பையன் ஒருவன் குட்டியூண்டாகச் சுருங்கிப்போகிறான். எங்கள் குழுவில் ஒரு பெண், "லியோ செஞ்சது மந்திரம் இல்லை, அக்காங்க டிராயரைத் திறந்தது" என்றாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. அதே பெண், அடுத்த வாரம், அக்காக்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணிடம் பொய் சொன்னதும் சரியில்லை என்று வாதாடினாள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் தமிழ்ப் பெற்றோர் இந்தப் புத்தகத்தில் நின்று பார்க்கவேண்டிய இடம் வேறு. குடும்பத்தின் பழைய செய்முறைக் குறிப்பேடு ஸ்பானிஷில் இருக்கிறது. லியோவுக்கோ ஸ்பானிஷ் தட்டுத்தடுமாறித்தான். தன் வீட்டுச் சொத்தை அகராதி வைத்துப் படிக்கிற பிள்ளை! இந்தப் பக்கங்களைப் படித்ததும் என் தோழிகள் எல்லாரும் போனில் சொன்னது ஒரே வாசகம்: "ஐயோ, இது நம்ம வீட்டுக் கதை." எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனாலும் அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் நழுவுவது பெரும்பாலும் நமக்கு நேரமில்லாததால், சில சமயம் நமக்கே ஆங்கிலத்தில் பேசுவது வசதியாக இருப்பதால். டெக்சஸ் மெக்சிகன் குடும்பங்களில் ஸ்பானிஷ் நின்றுபோனதற்குப் பின்னால் பிரம்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழுந்த காலம் அது. எழுத்தாளர் குளோரியா அன்சால்டுவா, இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக அளவுகோலால் கையில் அடி வாங்கியதை எழுதியிருக்கிறார். மேற்கு டெக்சஸில் மார்ஃபா என்ற ஊரில் மெக்சிகன் பிள்ளைகளுக்கென்று பிரித்து நடத்தப்பட்ட பிளாக்வெல் பள்ளியில் 1954-ல் 'மிஸ்டர் ஸ்பானிஷ்' என்பவருக்குச் சவ அடக்கமே நடத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் காகிதத்தில் ஸ்பானிஷ் சொற்களை எழுதவைத்து, பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தருகே புதைத்தார்கள். அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்க 2022-ல் சட்டம் வந்தது. அடி வாங்கிய தலைமுறை, தன் பிள்ளைகளாவது அடி வாங்கக்கூடாது என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறியது. லியோ போன்ற பேத்திகள் அந்த மௌனத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். இதை ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு "நம்ம கதை மாதிரியே" என்று யாரும் அவசரப்படுவதில்லை.

இதிலிருந்தே ஒரு நடைமுறை விதி. குழுவில் இருக்கும் மெக்சிகன் பிள்ளையைப் பார்த்து, "இந்த ஸ்பானிஷ் வரியை நீ படி" என்று சொல்லவே கூடாது. ஸ்பானிஷ் வராத பிள்ளைகளை 'நோ சாபோ' ('தெரியாது' என்பதைத் தப்பான ஸ்பானிஷில் சொல்வது) என்று சொந்தக்காரர்களே கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டல் பத்து வயதில் எவ்வளவு சுடும் என்பது நமக்குத் தெரியாததா? அந்த வரிகளை நானே படிப்பேன். முந்தின நாள் வெலாவிடம் உச்சரிப்பைக் கேட்டு வைத்துக்கொள்வேன், அப்படியும் பாதி சரியாக வராது. நான் திக்குவதைப் பார்த்துத் தானாகத் திருத்துகிற பிள்ளை திருத்தட்டும். வரிக்கு வரி நிறுத்திப் பொருள் சொல்வதும் வேண்டாம். பொருள் தெரியாமல் நாலு பக்கம் போவதுதான் லியோவின் நிலைமை. வாசிக்கிற பிள்ளையும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் நிற்கட்டுமே.

இனி லா யோரோனா. தன் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, வெள்ளை உடையில் கரையோரம் அழுது திரிகிறவள். தனியாக ஆற்றுப்பக்கம் போனால் உன்னையும் பிடித்துக்கொள்வாள் என்று மெக்சிகன் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். சான் அன்டோனியோவிலிருந்து ஹூஸ்டனுக்குப் போகும் 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் வுமன் ஹாலரிங் கிரீக் என்று ஓர் ஓடையின் பெயர்ப்பலகை வரும். அந்தப் பெயருக்கு ஊரில் பல கதைகள் உண்டு, லா யோரோனாவும் அதில் ஒன்று. பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்ததும் தானாகக் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள்.

சிறார் எழுத்தாளர்கள் இவளைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். அன்சால்டுவாவே 1995-ல் எழுதிய இருமொழிப் படக்கதையில், நோய்ப்பட்ட அம்மாவுக்காக ப்ரியெத்தித்தா என்ற சிறுமி மூலிகை தேடிப் போகிறாள். நாட்டு வைத்தியம் செய்யும் குராந்தேரா அவளிடம் கேட்டது ருடா என்ற செடி. அது கிடைப்பதோ அத்துமீறி நுழைந்தால் சுடுவார்கள் என்று பெயர்பெற்ற கிங் பண்ணை வேலிக்குள். வழி தவறியவளை லா யோரோனா செடி இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போகிறாள். (ருடா வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைகளில் குழந்தைகளுக்கென்று வாங்கும் அருவதாதான். மகளிடம் சொன்னபோது அவளுக்கு அந்தக் கதையே சொந்தமாகிவிட்டது.) குவாடலூப்பே கார்சியா மக்கால் 2012-ல் எழுதிய 'சம்மர் ஆஃப் தி மரிபோசாஸ்' நாவலில் ஈகிள் பாஸ் ஊரின் சகோதரிகள் ஐவர், எல்லை ஆற்றில் மிதந்த ஒருவரின் உடலை மெக்சிகோவில் அவர் குடும்பத்திடம் கொண்டுசேர்க்கக் கிளம்புகிறார்கள். ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தின் பாதையில் போகிற கதை. அதிலும் லா யோரோனா துணைக்கு வருகிறாள்.

இங்கே வரிசை முக்கியம். பயமுறுத்துகிற பழைய கதையை முதலில் சொல்ல வேண்டும், அதுவும் அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் வாயால் சொன்னால் நல்லது. எங்களுக்கு வெலா வந்து சொன்னார். அந்தப் பயம் உள்ளே இறங்கியிருந்தால்தான், அழுகிறவள் கைபிடித்து வழிகாட்டும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நேராக நல்ல யோரோனாவிடம் போனால், யாரோ ஒரு உதவிசெய்யும் பேய். அவ்வளவுதான். மக்காலின் நாவல் பிணத்தில் தொடங்குவதால் பதினொரு வயதுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை, அதையும் பகலில் வாசிப்பதே உத்தமம்.

ஒரு தடவை எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் தாய் என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்க வீட்ல சூனியம் பத்தின புத்தகம் படிக்கறதில்லை" என்றார். அவரும் மெக்சிகன்-அமெரிக்கர்தான், கிறிஸ்தவப் பற்று மிகுந்தவர். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எல்லா மெக்சிகன் வீட்டிலும் மந்திரம் இனிப்பான விஷயம் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. தெற்கு டெக்சஸில் குராந்தேராக்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. ஃபால்ஃபூரியாஸ் அருகே, 1907-ல் இறந்த டான் பெத்ரித்தோ ஹராமியோ என்ற வைத்தியரின் சமாதிக்கு இன்றைக்கும் மக்கள் வேண்டுதலோடு போகிறார்கள். முட்டையை உடம்பின்மேல் தடவிக் கண்ணேறு எடுத்து, தண்ணீரில் உடைத்துப் பார்க்கிற வீடுகளும் உண்டு. அதே தெருவில் அதைப் பாவம் என்று ஒதுக்குகிற வீடுகளும் உண்டு. அந்தத் தாயிடம் நான் வாதம் செய்யவில்லை. அவர் மகளுக்கு யூயி மொராலஸின் 'ஜஸ்ட் எ மினிட்' (2003) படக்கதையைக் கொடுத்தேன். அழைத்துப்போக வந்த எலும்புக்கூட்டு விருந்தாளியை, வீடு பெருக்கணும், டீ போடணும், ரொட்டி சுடணும் என்று ஒரு பாட்டி எண்ணி எண்ணிக் காக்கவைக்கும் கதை. தாய்க்கும் அது பிடித்துப்போனது. வாசிப்பு தொடங்கும் முன்பே பெற்றோருக்குக் கதைச்சுருக்கத்தை அனுப்பிவிடுவது இப்போது எங்கள் வழக்கம்.

இறந்தோர் நாளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 2017-ல் வந்த 'கோகோ' படத்துக்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒன்றே ஒன்று. நவம்பர் 1 குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு என்று படைக்கிற இந்த நாட்களை ஹாலோவீன் கைவேலையோடு சேர்த்துவிடாதீர்கள். மண்டையோட்டு முகமூடிக்கு வண்ணம் அடித்தால் இறந்தவர் யாரும் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். எங்கள் பிள்ளைகளிடம், வீட்டில் இறந்த ஒருவருக்குப் பிடித்த சாப்பாட்டைக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். மெனுடோ என்ற மாட்டுக்குடல் சூப், பிக் ரெட் சோடா, பழைய சோறும் சுண்டவத்தலும், ஒரு குறிப்பிட்ட கடையின் பொரித்த கோழி என்று பட்டியல் வந்தது. பிக் ரெட் எழுதிய பையன், தாத்தாவுக்குச் சர்க்கரை நோய், ஒளித்துத்தான் குடிப்பார் என்று மேலும் ஒரு பக்கம் எழுதியிருந்தான். மந்திரக் கதை எழுத வேறு பயிற்சி தேவையில்லை.

புத்தகம் வாங்குவதற்கு முன் நூலகத்தில் கேளுங்கள். லத்தீனோ சிறார் நூல்களுக்கு 1996-லிருந்து தரப்படும் பூரா பெல்ப்ரே விருதின் முத்திரை அட்டையில் இருந்தால் நம்பி எடுக்கலாம். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் புவெர்ட்டோ ரிக்கன் நூலகரின் பெயரில் உள்ள விருது அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் டோனா பார்பா ஹிகேராவின் 'தி லாஸ்ட் குவென்டிஸ்தா'. 2022-ல் அமெரிக்கச் சிறார் நூல்களுக்கான நியூபெரி விருதையும் பெல்ப்ரேயையும் சேர்த்து வாங்கியது. விண்கலத்தில் தான் மட்டும் பாட்டியின் கதைகளை மறக்காமல் வைத்திருக்கும் பெண்ணைப் பற்றியது. நடுவில் கொஞ்சம் இழுக்கும், விடாமல் படிக்கவையுங்கள்.

லொத்தேரியா சீட்டுக்கட்டு ஒன்றும் வாங்கிவிடுங்கள். 54 படச்சீட்டு, பதினாறு கட்டம் போட்ட அட்டை, தம்போலா மாதிரி ஆட்டம். சேவல், கடற்கன்னி, நிலா, மரணம் என்று படங்கள். கூப்பிடுகிறவர் படத்தின் பெயரைச் சும்மா சொல்லாமல் விடுகதையாகச் சொல்ல வேண்டும். நாவலுக்கு முன் இதை ஆடினால் பாதி உருவங்கள் பிள்ளைகளுக்குப் பழகிவிடும், விடுகதையைத் தாங்களே கட்டவும் தொடங்கிவிடுவார்கள். கட்டத்தை மறைக்கக் காய்ந்த பயறுதான் வைக்க வேண்டும். மிட்டாய் வைத்தால் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கட்டங்கள் காலியாகிவிடும், யார் ஜெயித்தார்கள் என்று உங்களிடம்தான் பஞ்சாயத்துக்கு வருவார்கள்.